பாப்பர் சீட்டு

1997 ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. காஜா எடுக்க வேண்டியது ஆறு ரவிக்கை, ஊக்கு வைக்க வேண்டியது நாலு. வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது. நூல் கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது, அங்கே பாக்கி.

இது போன வருஷத்து டைரி. ரவிக்கை தைக்க வந்த ஒரு அம்மா சும்மா கொடுத்தது. கிழமை எல்லாம் தப்பு, அடித்து அடித்து எழுதுகிறேன். இதுவரை சீட்டுக் கணக்கு மட்டும் எழுதினேன். இனி மற்றதும். எங்கேயாவது கொட்டாவிட்டால் மண்டை வெடித்துவிடும். அவரிடம் கொட்ட முடியாது. கடன் எவ்வளவு என்று தெரிந்த நாளிலிருந்து, மூன்று வாரமாக, என் புருஷன் என்னோடு பேசுவதில்லை. மர மில்லுக்குப் போகிறார், வருகிறார், போட்ட சோற்றைத் தின்கிறார். திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்.

மொத்தம்:
சீட்டுக்காரர்கள் பதினாலு பேருக்கு 1,12,000
வட்டிக்காரருக்கு, வாங்கியது 50,000, அவர் கணக்கில் இப்போது 1,40,000
நூல் கடை, லைனிங் கடை 6,000
வாடகை மூன்று மாதம் 2,100
ஆக 2,60,100.

இரண்டு தடவை கூட்டினேன். தப்பாக இருக்கக் கூடாதா என்று மூன்றாவது தடவையும் கூட்டினேன். அதே.

எப்படி வந்தது? இருபது பேர் சீட்டு. மாதம் ஆளுக்கு ஆயிரம். முடியாதவர்களுக்கு அரைச் சீட்டு, கால் சீட்டு. நாலாவது மாதம் மளிகைக் கடைக்காரன் எடுத்தான், அஞ்சாவது மாதம் அவன் பெண்டாட்டி எடுத்தாள். ஆறாவது மாதம் கடையில் பூட்டு. அவர்கள் கட்ட வேண்டியதை நான் போட்டேன். போட முடியாதபோது இன்னொரு சீட்டு ஆரம்பித்து அதில் எடுத்து இதில் போட்டேன். அப்புறம் மீட்டர் வட்டி, வாரத்துக்கு நூற்றுக்குப் பத்து. கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவது என் தொழில்தானே. ஒட்டே துணியாகிவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

சிக்கண்ணா. வட்டிக்காரரின் வசூல் ஆள். காலை ஒன்பதரைக்கு, ஆபீசுக்கு வருகிற மாதிரி வருகிறான். வாடிக்கைக்காரர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்காருகிறான். கத்துவதில்லை, கை ஓங்குவதில்லை.

“ஏனக்கா, டீ ஆய்தா?”

டீ ஆயிற்றா என்று கன்னடத்தில் கேட்கிறான், கொடுக்கிறேன். பயத்தில் சர்க்கரை கூடப் போடுகிறேன். பதினோரு மணி வரை உட்கார்ந்திருக்கிறான். ஆண்பிள்ளை உட்கார்ந்திருந்தால் எந்தப் பொம்பளை அளவு கொடுக்க வருவாள்? இன்று மூன்று பேர் வாசலோடு திரும்பினார்கள். அவனுக்கும் அது தெரியும். சம்பாத்தியத்தையும் கெடுத்துவிட்டுச் சம்பாதித்துக் கொடு என்கிறான்.

கேஸ் தீர்ந்தது. ஸ்டவ்வில் சமையல். மண்ணெண்ணெய் இரண்டு லிட்டர்.

ஜூலை 10, வியாழன்

எழுத்து கோணுகிறது.

சிக்கண்ணா இன்று ஸ்டூலில் உட்காரவில்லை. கம்பியில் தொங்கிய கல்யாண ரவிக்கைகள் ஒன்பதையும் மடித்துப் பையில் போட்டான். பட்டு ரவிக்கை, ஜரிகை வைத்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

“ஐயோ அது என்னுது இல்லப்பா, அடுத்தவங்க துணி!”

“துட்டு கொடி, துணி தகொள்ளி.” பணம் கொடு, துணி எடுத்துக்கொள் என்கிறான். சிரித்துக்கொண்டே.

பின்னாடியே ஓடினேன். டி.வி.எஸ். ஐம்பதைப் பிடித்தேன். தெருவே பார்த்தது, ஒருத்தரும் வரவில்லை. வர மாட்டார்கள். அதில் பாதிப் பேருக்கு நான் பணம் தர வேண்டும்.

தாலி மார்ச்சிலேயே அடகுக்குப் போய்விட்டது. கழுத்தில் மஞ்சள் கயிறும் ஒரு மஞ்சள் துண்டும்தான். மூக்குத்தி இருந்தது. அதை விற்று ஆயிரத்து முந்நூறு அவன் கையில் கொடுத்து ரவிக்கைகளை மீட்டேன். கல்யாண வீட்டுக்காரி வந்து வாங்கிப்போனாள். “ஏன் இவ்ளோ கசங்கியிருக்கு?” என்று கேட்டாள். இஸ்திரி போட்டுத் தருகிறேன் என்றேன். கரெண்டும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

ஆஷாட வெள்ளி, கன்னடக்காரர்களுக்கு நம் ஆடி வெள்ளி மாதிரி. சாமுண்டி மலைக்குப் போகிற பஸ் எல்லாம் பிதுங்கி வழிகிறது. என்னை யாரும் கூப்பிடவில்லை. முன்பெல்லாம் பாக்கியக்கா இல்லாமல் யாரும் மலை ஏற மாட்டார்கள்.

மத்தியானம் வீட்டைப் பூட்டிவிட்டு குக்கரஹள்ளி ஏரிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எழுத மாட்டேன். எனக்குத் தெரியும்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பையில் வக்கீல் சரோஜம்மாவின் கறுப்புக் கோட்டு. பட்டன் மாற்றக் கொடுத்தது. திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான் போய்ச் சேர்ந்துவிட்டால் இந்தக் கோட்டை யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று ஒரு யோசனை. சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடு அழுதேன். ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு மறுபடி ஓடினார்.

கோட்டைக் கொடுக்க நேரே சரோஜம்மா வீட்டுக்கு. கதவைத் திறந்தவர் முகத்தைப் பார்த்தார்.

“என்னாயித்து பாக்யா? நிஜ ஹேளு. சாலா எஷ்டு?” நிஜத்தைச் சொல், கடன் எவ்வளவு என்று கேட்கிறார். என் மூஞ்சியில் எழுதியிருக்கிறது போல.

சொன்னேன். எல்லாம். ஏரியையும் சொன்னேன். காபி ஆறிப்போயிற்று. அவர் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். “அழு. ஆமேலே நாளைக்கு வா. நோட்டுப் புஸ்தகம் எல்லாம் தா. சாயோதுக்கு முன்னாடி இன்னொரு வழி இருக்கு, அது கேளு.” சாவதற்கு முன்னாடி. எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்.

ஜூலை 12, சனி

சரோஜம்மா வீடு. மேசை நிறையக் காகிதக் கட்டு.

வழியின் பெயர் இன்சால்வென்சி. என்னிடம் இருப்பது இவ்வளவு, கொடுக்க வேண்டியது இவ்வளவு, என்னால் முடியாது, நீங்களே விற்றுப் பிரித்துக் கொடுங்கள் என்று கோர்ட்டில் நானே போய்ச் சொல்வது. கோர்ட்டு ஏற்றுக்கொண்டால் கடன்காரர்கள் அங்கேதான் கேட்க வேண்டும், என் ஸ்டூலில் உட்கார்ந்து இல்லை. நேர்மையாக நடந்துகொண்டால் சில வருஷம் கழித்து மிச்சக் கடனிலிருந்தும் விடுதலை கேட்கலாம்.

எங்கள் பேச்சில் இதற்கு மஞ்சள் கடுதாசி என்று பெயர். எங்கள் அம்மா ஒருத்தனை ஆக மோசமாகத் திட்ட வேண்டுமென்றால் “மஞ்சக் கடுதாசி குடுத்தவன்” என்பாள். திருடனுக்குக்கூட அந்த வீட்டில் தண்ணீர் கிடைத்திருக்கும்.

“வெட்கமா இருக்குங்கம்மா.”

“நேத்து ஏரிக்குப் போனியே, ஆவாக வெட்கம் எல்லித்து?” அப்போது வெட்கம் எங்கே போயிருந்ததாம்.

கோர்ட்டு எடுப்பவை: ஹூட்டகள்ளிப் பக்கம் வாங்கிப் போட்ட காலிமனைச் சைட்டு, இரண்டு தையல் மிஷின், டி.வி., பீரோ. எடுக்கக் கூடாதவை: சமைக்கிற பாத்திரம், உடுத்துகிற துணி, படுக்கை, தொழில் செய்கிற சாமான் என்று ஒரு மிஷின், அப்புறம் தாலி. தாலியைச் சட்டம் தொடாதாம். கழுத்துக் கயிற்றை இழுத்துக் காட்டினேன். சட்டம் நாலு மாதம் லேட்டு. சரோஜம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இரண்டு கண்டிஷன். ஒன்று, எதையும் மறைக்கக் கூடாது. பதிவு இல்லாத சீட்டு நடத்தியதே தப்பு, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும், கோர்ட்டில் திட்டு விழும். இரண்டு, இன்றிலிருந்து ஒருத்தருக்கும் தனியாக ஒரு ரூபாய் தரக் கூடாது. ஒருத்தருக்குக் கொடுத்தால் மற்றவர்களுக்குத் துரோகம், அந்தப் பணத்தைக் கோர்ட்டு திரும்ப வாங்கிவிடும்.

“பாவப்பட்டவங்களுக்குக் கூடவா?”

“பாவ எல்லாருதே. லிஸ்டுல எல்லாரும் ஒந்தே.” லிஸ்டில் எல்லாரும் ஒன்றுதானாம்.

அவர் ஃபீஸ் வேண்டாம் என்றார். பன்னிரண்டு ரவிக்கை தைத்துத் தர வேண்டும். கோர்ட்டுச் செலவு, டைப்பு, நோட்டீசு எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு நான் கட்ட வேண்டும். பணம் இல்லை என்று சொல்வதற்கும் பணம் வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

என் புருஷனிடம் சொன்னேன். நாலு வாரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

“முடியாது.”

“வேற வழி சொல்லுங்க.”

“சீட்டு ஆரம்பிக்கறப்ப என்ன பண்ணுன? மாதேஸ்வரன் படத்து மேல கைய வெச்சுச் சத்தியம் பண்ணித்தான அல்லார்கிட்டயும் பணம் வாங்குன? கோர்ட்டு தள்ளுபடி பண்ணும். மாதேஸ்வரன் பண்ணுவாரா?”

எங்கள் ஊர் கொள்ளேகால் பக்கம். எங்கள் ஆட்களுக்கு எழுத்து வேண்டாம், ரசீது வேண்டாம், மலைச்சாமி படம் போதும். அதனால்தான் யாரும் என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கேட்கவில்லை. சரோஜம்மா ஆதாரம் கேட்டபோது சாமி படத்தையா கொண்டுபோய்க் கொடுப்பது?

ரசம் மட்டும். அவர் மறுசோறு போட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை 16, புதன்

இன்று செய்ததை எழுதத்தான் வேண்டும்.

அரிசி டப்பாவுக்குள் 1,850 ரூபாய் வைத்திருந்தேன். அவருக்கும் தெரியாது. சின்னத்தாயிக்காக ஒளித்தது. சின்னத்தாயி கோபிநத்தத்துக்காரி, இங்கே கட்டட வேலை, சித்தாள். கால் சீட்டு, மாதம் 250, பதினேழு மாதம் கட்டியிருக்கிறாள். ஒரு கறவை மாடு வாங்கி இந்தச் சிமெண்டுச் சட்டியைத் தலைமுழுக வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. மற்ற பதிமூன்று பேரும் எப்படியாவது பிழைப்பார்கள். இவளுக்கு மட்டும் பாதியாவது கொடுத்துவிட வேண்டும், கோர்ட்டாவது மண்ணாவது என்று கிளம்பினேன்.

விஜயநகரில் ஏதோ பெரிய கட்டடம். இரண்டாவது மாடியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டியோடு கையை ஆட்டினாள், பிறகு இறங்கி ஓடி வந்தாள். புருவமெல்லாம் சிமெண்டு.

“ஏனுங்க்கா இவ்ளோ தூரம்? சொல்லி உட்டிருந்தா நானே வந்திருப்பேனுங்கல்ல.”

ரவிக்கைக்குள் பணம் சுட்டது. கையை உள்ளே விட்டேன். விட்ட கை வெளியே வரவில்லை. சரோஜம்மா சொன்ன கண்டிஷன் ஞாபகம் வந்தது. அதே நொடியில் கோர்ட்டுக்குக் கட்ட வேண்டிய ஆயிரத்து எண்ணூறும் ஞாபகம் வந்தது. எது முதலில் வந்தது என்று சத்தியமாகத் தெரியவில்லை. சட்டத்துக்குப் பயந்தேனா, பணத்துக்கு ஆசைப்பட்டேனா?

“எனக்கு எப்பங்க்கா சீட்டு உளும்?”

“ஆவணியில பாக்கலாம்” என்றது இந்த வாய்.

சந்தோஷமாகப் படி ஏறிப் போனாள். மேஸ்திரி கத்தினான். நான் பஸ்ஸில் வந்தேன். டிக்கெட் இரண்டு ரூபாய், அதுவும் அவள் பணம்தான்.

கேடுகெட்டவள் நான்.

ஜூலை 18, வெள்ளி

சிக்கண்ணா புது வழி கண்டுபிடித்துவிட்டான். மர மில் வாசலில் போய் உட்கார்ந்தானாம். முதலாளி இவரைக் கூப்பிட்டு, “வீட்டு விவகாரத்தை வீட்டோட வெச்சுக்கோ” என்றாராம். இவர் வந்து சட்டையைக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சாயங்காலம் கிளம்பிவிட்டார். துண்டு, ஒரு வேட்டி. எங்கே என்று கேட்டேன்.

“மலைக்கு.”

ஆஷாட வெள்ளிக்கு ஊரே சாமுண்டி மலைக்குப் போகிறது. இவர் போவது மாதேஸ்வரன் மலை. கொள்ளேகால் போய் வேறு பஸ் பிடிக்க வேண்டும். கையில் காசு இருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

மத்தியானம் வந்தார். மொட்டை. நெற்றி நிறைய விபூதி. எனக்கும் பூசிவிட்டார். கை பட்டு எத்தனை நாள்.

“கையெழுத்துப் போடு” என்றார்.

“சாமி என்ன சொன்னாரு?”

“ஒண்ணுஞ் சொல்லல. வேண்டாம்னுஞ் சொல்லல.” துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, “செத்துப்போயி ஏமாத்தறதுக்கு உசுரோட இருந்து தலைகுனியறது மேலு” என்றார். ஏரி விஷயம் நான் அவரிடம் சொல்லவே இல்லை. எப்படித் தெரியும்? கேட்கவில்லை. அழுதேன். மொட்டைத் தலையில் எறும்பு ஊர்ந்தது, தட்டிவிட்டேன்.

கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

ஜூலை 21, திங்கள்

கோர்ட்டு. மனு போட்டாயிற்று.

உள்ளதில் நல்ல சேலை கட்டிப் போனேன். சரோஜம்மா முறைத்தார், “கல்யாணத்துக்கா வந்திருக்கே?” என்றார். கடன்காரர் பட்டியலில் பதினெட்டுப் பெயர். டைப்பு அடித்த காகிதத்தில் வரிசையாகப் பார்த்தபோது, என் வீட்டு விசேஷத்துக்கு அழைக்கிற ஆட்கள் லிஸ்டு மாதிரியே இருந்தது. அதே ஆட்கள்தான். ஒன்பதாவது பெயர் சின்னத்தாயி, ரூ. 4,250. அரிசி டப்பாப் பணத்தையும் நானே சொல்லிவிட்டேன். கோர்ட்டுச் செலவுக்குக் கட்டியது என்று அதுவும் மனுவில் ஏறிவிட்டது.

கையெழுத்து எட்டு இடத்தில். பாக்கியலட்சுமி என்று முழுசாக எழுதச் சொன்னார்கள். அந்தப் பெயரை எழுதும்போது எனக்கே சிரிப்பு.

எல்லாருக்கும் நோட்டீசு போகும். வாய்தா அடுத்த மாதம் 25.

வராந்தாவில் ஒரு அட்டெண்டர் இன்னொருத்தரிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: “பாப்பர் சீட்டி தகொள்ளோக்கே பந்தவரு.” பாப்பர் சீட்டி வாங்க வந்தவளாம். இந்த ஊரில் மஞ்சள் கடுதாசிக்கு அதுதான் பெயராம்; பாப்பர் என்றால் இங்கிலீஷில் ஓட்டாண்டி, சீட்டி என்றால் காகிதச் சீட்டு. சீட்டில் விழுந்தவளுக்குச் சீட்டி. பொருத்தம்தான்.

வீட்டுக்கு வந்து பதினெட்டு நாள் தூங்காதவள் மாதிரி தூங்கினேன். எழுந்ததும் முதல் யோசனை, செத்துப்போக வேண்டும் என்பது இல்லை. பால் வாங்க வேண்டும் என்பது.

ஜூலை 22, செவ்வாய்

சிக்கண்ணா வந்தான். டீ கொடுக்கவில்லை. சரோஜம்மா எழுதிக் கொடுத்த காகிதத்தை நீட்டினேன். படித்தான், அல்லது படிக்கிற மாதிரி பார்த்தான். “கோர்ட்டா?” என்றான். அவன் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை. பதினைந்து நிமிஷத்தில் எழுந்து போனான். மறுபடியும் வருவான், தெரியும். ஆனால் மத்தியானம் இரண்டு பேர் உள்ளே வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சீட்டுக்காரர்களிடம் நோட்டீசு போகும் முன்னால் நானே போய்ச் சொல்ல வேண்டும். இன்று மூன்று வீடு. முதல் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது வீட்டில் மண்ணை வாரித் தூற்றினாள். மூன்றாவது வீட்டில் உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டு, “எங்களுக்கு மட்டும் தனியாக் குடுத்துருங்க, யாருக்கும் சொல்ல மாட்டோம்” என்றார்கள். மண்ணே மேல். சின்னத்தாயியிடம் போகவில்லை. நாளைக்கு. நாளைக்கு என்று நேற்றும் எழுதியிருக்க வேண்டியது.

ஜூலை 23, புதன்

மழை விட்டது. நான் போகவில்லை. அவளே வந்தாள்.

சாயங்காலம் ஆறு மணி, வேலையிலிருந்து நேராக. முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே உள்ளே வந்தாள். இருநூற்றைம்பது ரூபாயை மிஷின் மேல் வைத்தாள்.

“அக்கா, நீங்க புதுசாப் பாப்பர் சீட்டுப் போடறீங்களாமா? எங்க லைன் குழாயடியில கோர்ட்டு அட்டெண்டர் சம்சாரம் சொன்னாங்க. பாக்கியம்மா பாப்பர் சீட்டுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க, கோர்ட்டுலயே பதிஞ்சிருக்குதுன்னு. கோர்ட்டுல பதிஞ்சதுன்னா இன்னும் கெட்டிதானுங்க? என்னைய மொத ஆளாச் சேத்துக்கங்க. பழைய சீட்டு ஆவணியில உளுந்துருமல்ல, அதையும் இதுலயே போட்டர்றேன்.”

நான் மிஷினைப் பிடித்துக்கொண்டேன். சமையலறையிலிருந்து அவர் எட்டிப் பார்த்தார். நான் சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டார். வேண்டாம் என்றேன்.

“சின்னத்தாயி, இது சீட்டு இல்ல. திவால். மஞ்சக் கடுதாசி. நான் குடுத்துட்டேன். உன் பணம் என்கிட்ட இல்ல. ஆவணின்னு சொன்னது பொய்.”

எழுதும்போது நாலு வரி. சொல்லி முடிக்க வெகு நேரம்.

அவள் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்தாள். இருநூற்றைம்பது ரூபாயை எடுத்து மறுபடி முடிந்துகொண்டாள். அப்புறம் கேட்டாள்.

“ஒண்ணுமே வராதுங்களா?”

“சைட்டு, மிஷின் எல்லாம் வித்தா ரூபாய்க்கு நாலணா வரலாம்.”

விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். “ஆயிரத்துச் சொச்சம். மாடு வராது. ஆட்டுக்குட்டி வரும்.”

“ஆமா.”

“என்ற பேரு அந்தக் காயிதத்துல இருக்குதுங்களா?”

“இருக்குது. ஒம்பதாவது.”

“அப்ப நானும் கோர்ட்டுக்கு வரோணுமா? உங்களுக்கு எதுராவா நிக்கோணும்?”

“எதிராத்தான். எனக்கு வர வேண்டியது இவ்வளவுன்னு நீ சொல்லோணும். சொன்னாத்தான் உனக்கு வரும்.”

“சரி, நிக்கறேன்” என்றாள். கண் இப்போதுதான் நிறைந்தது. “வேலைக்குப் போடற ரவிக்கைதானுங்க இருக்குது. இதப் போட்டுக்கிட்டு அங்க வந்து நிக்க முடியாது. துணி கொண்டாந்து தாரேன், ஒண்ணு தெச்சுக் குடுங்க.”

அளவு எடுத்தேன். தோளில் எலும்புதான். கூலி வேண்டாம் என்றேன். கையைத் தட்டிவிட்டாள்.

“அது வேண்டாமுங்க. இதுலயாச்சும் கணக்குச் சரியா இருக்கட்டும்.”

முடிச்சிலிருந்து ஒரு ஐம்பது ரூபாய் நோட்டு எடுத்துக் கொடுத்தாள். கூலி இருபத்திரண்டு. பதினேழு மாதமும் என் கையிலிருந்து எதை வாங்கினாலும் பார்க்காமல் முடிந்துகொள்வாள். மீதி இருபத்தெட்டு ரூபாய் கொடுத்தேன். விளக்கடியில் போய் நின்று, இரண்டு தடவை எண்ணினாள்.